முகமூடிக்குப் பதில் சில சொட்டு எண்ணெயா?

தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷினின் முகமூடியை நள்ளிரவில் கழற்றி எறிந்தவர் மறுநாள் காலையில் கைபேசியை எடுத்துத் தேடுவது ஒன்றைத்தான்: மெஷின் இல்லாமல் ஸ்லீப் ஏப்னியாவைச் சரிசெய்ய முடியுமா? அவர் கண்ணில் படும் பதில்களில் இப்போதெல்லாம் சிபிடி எண்ணெய்க்கு நல்ல இடம். கஞ்சாச் செடியிலிருந்து வருவது, ஆனால் போதை ஏறாது. மூலிகைதான், பக்கவிளைவு கிடையாது. படுக்கப்போகும் முன் நாக்குக்கு அடியில் சில சொட்டு விட்டால் போதும். அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில்கூட விற்கிறார்கள். இந்தியாவில் ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக வீட்டுக்கே வந்து சேர்கிறது.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லீப் ஏப்னியாவுக்குச் சிபிடி சிகிச்சை ஆகாது. சிபிடியை மட்டும் கொடுத்து, தூக்கத்தில் மூச்சு நிற்பது குறைகிறது என்று நிறுவிய மருத்துவச் சோதனை எதுவும் கிடையாது. இருந்தும் இதற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கக் காரணம் உண்டு. கேட்பவர்கள் ஏமாளிகள் அல்ல. அவர்கள் படித்த செய்திகளுக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது; அது வேறொரு பொருளைப் பற்றியது. அதோடு, சிபிடி வேண்டும் என்பவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், பாதிப் பேருக்கு எண்ணெய் மேல் ஆசை இல்லை, முகமூடி மேல் வெறுப்புதான் என்று தெரிந்துவிடும். வெறுப்புக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. அங்கேயும் போவோம்.

தூக்கம் வேறு, மூச்சு வேறு

ஸ்லீப் ஏப்னியா தூக்கம் வராத நோய் அல்ல. இந்த நோய் உள்ள பலருக்குத் தூக்கம் தாராளமாகவே வரும். டிவிக்கு முன்னால் வரும், பஸ்ஸில் வரும், சிக்னலில் வண்டி நிற்கும்போதுகூட வரும். சிக்கல் தூங்கிய பிறகுதான் தொடங்குகிறது. விழித்திருக்கையில் நாக்கையும் அண்ணத்தையும் இழுத்துப் பிடித்திருக்கும் தசைகள் தூக்கத்தில் தளர்கின்றன. எல்லோருக்கும் தளரும். ஆனால் கழுத்தில் கொழுப்புச் சேர்ந்தவர், கீழ்த்தாடை உள்வாங்கியவர், டான்சில் பெருத்தவர் போன்றவர்களுக்குத் தளர்ந்த தொண்டை மூச்சின் இழுப்பிலேயே ஒட்டிக்கொண்டு அடைத்துவிடுகிறது. காற்று 10 விநாடிக்குக் குறையாமல் நின்றால் ஓர் ஏப்னியா. முழுதாக நிற்காமல் குறைந்து, கூடவே ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ அது ஹைப்பாப்னியா. இரண்டையும் கூட்டி, மணிக்கு எத்தனை என்று கணக்கிட்டால் வருவது ஏஎச்ஐ. உங்கள் ஸ்லீப் ஸ்டடி அறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கும் எண் அதுதான். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது.

அடைப்பு விழுந்தபின் காப்பாற்றுவது எது? மூளை தன்னைத்தானே உலுக்கிக்கொள்வது. ஆக்சிஜன் இறங்குவதும் கரியமில வாயு ஏறுவதும் நெஞ்சு வீணாக இழுப்பதும் சேர்ந்து மூளையை ஒரு கணம் எழுப்புகின்றன. தொண்டைத் தசை மறுபடி விறைக்கிறது. பெரிய சத்தத்தோடு மூச்சு உள்ளே போகிறது. படுத்திருப்பவருக்குக் காலையில் இது எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருந்தவர் இரவு முழுக்க எண்ணிக்கொண்டு கிடந்திருப்பார்.

இந்த இடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மதுவும் பல தூக்க மாத்திரைகளும் இந்த நோயில் ஏன் ஆபத்து என்றால், அவை தொண்டையை இன்னும் தளர்த்தலாம், மூளை உலுக்கி எழுவதையும் தாமதப்படுத்தலாம். குடித்துவிட்டுப் படுத்தவர் அசந்துதான் தூங்குகிறார். அன்றைக்கு அவர் மூச்சு நிற்கும் நேரம் நீள்கிறது. ஆகவே “எண்ணெய் விட்டேன், நேற்று அசந்து தூங்கினேன்” என்று ஒருவர் சொன்னால், அது ஸ்லீப் ஏப்னியா குறைந்ததற்கு அத்தாட்சி ஆகாது. நல்ல செய்தியாக இருக்கலாம், கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். ஏஎச்ஐயையும் இரவின் மிகக் குறைந்த ஆக்சிஜன் அளவையும் பார்க்காமல் எதுவென்று சொல்ல முடியாது. ரத்தக் கொதிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், வண்டி ஓட்டும்போது கண்ணயர்வது என்று இந்த நோய் கூட்டிவரும் எதுவும் ‘எவ்வளவு அசந்து தூங்கினேன்’ என்ற உணர்வைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

எலியில் தொடங்கிய ஆராய்ச்சி

சிபிடி விற்பவர்கள் “ஆராய்ச்சி இருக்கிறது” என்பார்கள். இருக்கிறது. சிகாகோவில் உள்ள இலினாய் பல்கலைக்கழகத்தில் டேவிட் கார்லி என்பவர் எலிகளின் மூச்சை ஆராய்ந்துகொண்டிருந்தார். கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைச் செரட்டோனின் தூண்டினால் மூச்சு அனிச்சையாக நிற்கிறது. அந்தத் தூண்டலை அடக்கினால் மூச்சுத்தடை குறையுமா என்பது அவருடைய கேள்வி. கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சியை எலிகளுக்குக் கொடுத்தபோது மூச்சு நிற்பது குறைந்தது. 2002-இல் வெளியான முடிவு இது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அவர் எடுத்தது ட்ரோனபினால் என்ற மாத்திரை. செயற்கையாகத் தயாரித்த டிஎச்சி அது. புற்றுநோய் மருந்து தரும் வாந்திக்காக 1985 முதலே அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. முதலில் 17 பேரிடம் ஒரு சிறு சோதனை, 2013-இல் வெளிவந்தது. பிறகு 73 பேரை வைத்து ஆறு வாரச் சோதனை, 2018-இல். நடுத்தர, கடுமையான ஏப்னியா உள்ளவர்கள். ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை, ஒரு குழுவுக்கு 2.5 மில்லிகிராம், இன்னொரு குழுவுக்கு 10 மில்லிகிராம். வெற்று மாத்திரைக் குழுவோடு ஒப்பிட்டால் ஏஎச்ஐ முறையே 10.7-உம் 12.9-உம் குறைவாக இருந்தது.

குறைவான சங்கதி அல்ல இது. ஸ்லீப் ஏப்னியாவுக்கு மாத்திரையே கிடையாது என்றிருந்த காலத்தில் தலைப்புச் செய்தியானதில் வியப்பில்லை. ஆனால் பக்கத்தைத் திருப்பிப் படித்தவர்கள் குறைவு. அதிக அளவு எடுத்தவர்கள் பகல் தூக்கக் கலக்கம் குறைந்ததாகச் சொன்னாலும், இருட்டறையில் எவ்வளவு நேரம் கண்மூடாமல் இருக்க முடிகிறது என்று அளக்கும் சோதனையில் முன்னேற்றம் தெரியவில்லை. சரியாகப் பொருத்திய சிபாப் ஏஎச்ஐயை 5-க்குக் கீழே கொண்டுவந்துவிடும். இந்த மாத்திரை அதன் கிட்டத்திலேயே வரவில்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதற்கும் அந்தச் சோதனையில் பதில் இல்லை.

இதற்கிடையில் 2017 நவம்பரில் மினசோட்டா மாநிலம், மருத்துவக் கஞ்சா பெறத் தகுதியுள்ள நோய்களின் பட்டியலில் ஸ்லீப் ஏப்னியாவையும் சேர்த்துவிட்டது. அடுத்த ஏப்ரலில் அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி பதில் அறிக்கை வெளியிட்டது. அதே மினசோட்டாவில் உள்ள மாயோ கிளினிக்கின் மருத்துவர் கண்ணன் ராமர் முதல் ஆசிரியர். மருத்துவக் கஞ்சாவையோ அதன் செயற்கைச் சாறுகளையோ ஸ்லீப் ஏப்னியாவுக்குப் பயன்படுத்தக் கூடாது. பலன் தரும் என்பதற்கும் பாதுகாப்பானது என்பதற்கும் போதிய சான்று இல்லை. உடலுக்குள் எந்த அளவு எப்படிப் போகிறது என்பதிலும் நம்பகம் இல்லை. மாநிலங்கள் தங்கள் பட்டியலிலிருந்து இந்த நோயை எடுத்துவிட வேண்டும் என்றது அந்த அறிக்கை. ஒரு மருத்துவச் சங்கம் இவ்வளவு வெட்டென்று பேசுவது அபூர்வம்.

இத்தனையும் டிஎச்சியின் கதை. சிபிடி இதில் எங்கேயும் வரவில்லை. இரண்டும் ஒரே செடியில் விளைபவை. 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் என்று அணுக்கணக்கில்கூட ஒன்று. டிஎச்சியில் மூடியிருக்கும் ஒரு வளையம் சிபிடியில் திறந்திருக்கிறது, அவ்வளவே. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஒன்று மூளையின் கன்னபினாய்டு ஏற்பியைத் தூண்டிப் போதை தருகிறது, மற்றது தருவதில்லை. ட்ரோனபினால் மூச்சுத்தடையைக் குறைத்தது அந்த ஏற்பிகளின் வழியாகத்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். சிபிடியோ அவற்றில் முதன்மையானதை நேராகத் தூண்டுவதில்லை. சோதனைக்கூடத்தில் பார்த்தால் அதன் வேலையைச் சற்றுத் தணிக்கவே செய்கிறது. எனவே ட்ரோனபினால் முடிவைக் காட்டிச் சிபிடியை விற்பது, இல்லாத சான்றைக் காட்டுவதைவிட மோசம் என்பது என் எண்ணம். இருக்கும் சான்று எதிர்ப்பக்கம் சாய்கிறது.

ஒரு வேடிக்கை. டிட்ஜெரிடூ என்று ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழல் ஒன்று உண்டு. அதைத் தினமும் ஊதினால் தொண்டைத் தசை வலுப்பட்டு ஸ்லீப் ஏப்னியா குறைகிறதா என்று 25 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நான்கு மாதம் சோதித்திருக்கிறார்கள், 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, ஏஎச்ஐ குறைந்தது. ஒரு மரக்குழலுக்கு இருக்கும் சான்றுகூட இந்த நோயில் சிபிடிக்கு இல்லை. (நாதஸ்வரத்துக்கு இது பொருந்துமா என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை, வித்வான்கள் கோபிக்க வேண்டாம்.)

தூக்கமாவது வருமா?

சிபிடிக்காக வாதாட நினைப்பவர் எடுக்கக்கூடிய நியாயமான வாதம் ஒன்று உண்டு. எல்லா ஏப்னியாவும் ஒரே மாதிரி அல்ல. சிலருக்கு மூளை அளவுக்கு மீறி உஷாராக இருக்கிறது. மூச்சு லேசாகக் குறைந்தாலே விழித்துக்கொள்கிறது. திரும்பத் தூங்கும்போது மூச்சின் தாளம் குலைந்து மறுபடி தடை விழுகிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இந்தக் கூறு இருப்பதாக 2013-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. இவர்களுக்கு மூளையைச் சற்று மந்தமாக்கினால் நன்மை வரலாம் என்று சில தூக்க மாத்திரைகளை மருத்துவர்கள் கவனமாகச் சோதித்திருக்கிறார்கள். இந்த வாசல் சிபிடிக்கும் திறந்திருக்கலாம். ஆனால் நீங்கள் அந்த மூன்றில் ஒருவரா, மற்ற இருவரில் ஒருவரா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியில்லை. தவறான பக்கத்தில் இருந்தால் அதே மந்தம் உங்கள் ஆக்சிஜனைக் கீழே இழுக்கும்.

ஏப்னியாவும் இருந்து, தூக்கமும் வராமல் இரட்டைத் துன்பம் படுபவர்கள் ஏராளம். முகமூடியை மாட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி இரண்டு மணி வரை கிடப்பவர்கள். இவர்களுக்குத்தான் சிபிடி மேல் மிகுந்த நம்பிக்கை. தூக்கத்துக்காவது அது உதவுமா? சான்று இங்கேயும் மெலிது. ஆரோக்கியமான 27 பேருக்கு 300 மில்லிகிராம் கொடுத்து இரவு முழுக்க மூளை அலைகளைப் பதிந்தார்கள்; தூக்கத்தின் கட்டமைப்பில் மாற்றம் எதுவும் இல்லை. 2019-இல் வெளிவந்து எல்லா விளம்பரங்களிலும் அடிபடும் ஆய்வு ஒன்று, 72 பேரின் மருத்துவக் குறிப்புகளைத் திரட்டியது. முதல் மாதம் மூன்றில் இரண்டு பேர் தூக்கம் தேறியதாகச் சொன்னார்கள், அடுத்தடுத்த மாதங்களில் அது ஏறி இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்துக் குழுவே அதில் இல்லை. பதற்றம் குறைவதில் அதைவிடச் சற்றுத் தெளிவான பலன் தெரிந்தது. பதற்றத்தால் தூக்கம் கெடுபவருக்குச் சிபிடி கொஞ்சம் துணை செய்யலாம் என்பதற்கு மேல் நான் போகமாட்டேன்.

தூக்கமின்மைக்கு உலகெங்கும் மருத்துவச் சங்கங்கள் முதலில் கைகாட்டுவது எந்த மாத்திரையையும் அல்ல, நடத்தைச் சிகிச்சையை. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வெளியே வருவது என்று ஆறு முதல் எட்டு வாரம் பயிற்சியாகச் செய்வது. அதை முதலில் முடித்தால் சிபாப்பும் எளிதாகப் பழகும். ஆனால் படுக்கை நேரத்தைக் குறைக்கும் பகுதியை, பகலில் கண்ணயரும் ஏப்னியாக்காரர் மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

சீசாவுக்குள் என்ன?

சிபிடி பயனற்ற பொருள் என்று நான் சொல்லவில்லை. எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் தூய சிபிடி 2018 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதியைப் பெற்றது, குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்காக. அங்கே அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். 70 கிலோ ஆளுக்குக் கணக்கிட்டால் நாளுக்கு 700-லிருந்து 1,400 வரை. கடை எண்ணெயில் ஒரு வேளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 10, 20, 30. மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் இடையில் இவ்வளவு தூரம்.

அந்த 20-உம் உண்மையில் 20 தானா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடிப் பொருட்களை வாங்கிச் சோதித்த முடிவு 2017-இல் வெளியானது. சீட்டில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போனது 31 சதவீதத்தில்தான். சிலவற்றில் குறைவு, பலவற்றில் அதிகம். 18 சீசாக்களில் டிஎச்சி இருந்தது. ‘போதை கிடையாது’ என்று நம்பி வாங்கியவர் தெரியாமலே போதைப் பொருளை விழுங்கியிருக்கிறார். இதன் விளைவு மயக்கத்தோடு நிற்காது. அமெரிக்காவில் லாரி ஓட்டுபவர்களிடம் ஸ்லீப் ஏப்னியா அதிகம். அவர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனையும் கட்டாயம். பரிசோதனையில் டிஎச்சி தெரிந்தால் “சிபிடி எண்ணெய்தான் எடுத்தேன்” என்பதைக் காரணமாக ஏற்க முடியாது என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2020 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது.

கல்லீரல் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஏப்னியா உள்ள பருமனானவர்களில் பலருக்குக் கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு. எஃப்டிஏ ஆய்வாளர்கள் ஆரோக்கியமானவர்களுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நான்கு வாரம் சிபிடி கொடுத்துப் பார்த்தார்கள். 2025-இல் முடிவு வந்தது. சிபிடி எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குக் கல்லீரல் நொதிகள் இயல்பின் உச்ச வரம்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டின. வெற்று மருந்துக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. அவர்களுக்கு வலி, மஞ்சள் காமாலை எதுவும் வரவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. பிரிட்டனின் உணவுத் தரக் கழகம் நாளுக்கு 70 மில்லிகிராம் என்று வைத்திருந்த வரம்பை 2023 அக்டோபரில் 10 ஆகக் குறைத்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சிபிடியைச் செரிக்கும் அதே கல்லீரல் நொதிகள்தான் பல மாத்திரைகளையும் செரிக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர், சிறுநீரக மாற்றுக்குப் பின் டாக்ரோலிமஸ் எடுப்பவர், வலிப்புக்கு க்ளோபசாம் எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டும் தொடக் கூடாது. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் உடலில் ஏறும் அளவு நான்கைந்து மடங்கு ஆகிவிடும். பிரியாணி சாப்பிட்ட இரவும் பட்டினி கிடந்த இரவும் ஒரே அளவு அல்ல என்பது பாட்டிலில் எழுதியிருக்காது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூவும் காயும் கொண்ட நுனியைத்தான் கஞ்சா என்கிறது. தனியாகப் பறித்த இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. விஜயா எண்ணெய் இலைச் சாறு என்ற அடிப்படையில், ஆயுஷ் உரிமத்தோடு, மருத்துவர் சீட்டின் பேரில் விற்கப்படுகிறது. சீட்டும் ரசீதும் கையில் இல்லாமல் பயணத்தில் எடுத்துச் செல்லாதீர்கள். இலைச் சாறு என்றாலே டிஎச்சியும் கலந்ததாக இருக்கலாம், ஆய்வக அறிக்கை கேளுங்கள். ‘ஹெம்ப் சீட் ஆயில்’ என்பது விதை எண்ணெய். அதில் சிபிடி ஏறக்குறைய இல்லை, சமையலுக்கு ஆகும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அன்போடு சூட்கேசில் போட்டுக்கொண்டு வரும் பாட்டில் இந்திய விமான நிலையத்தில் சிக்கினால் விளக்கம் சொல்வது கடினம். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் நிலைமை இன்னும் கடுமை. சிங்கப்பூர்க் குடிமக்கள் வெளிநாட்டில் கஞ்சா எடுத்துவிட்டுத் திரும்பினாலும் அங்கே குற்றம்தான்.

முகமூடிதான் பிரச்சினை என்றால்

சிட்னியில் காலின் சல்லிவன் 1980-இல் முதல் சிபாப்பை உருவாக்கியபோது வீட்டுத் தூசி உறிஞ்சும் இயந்திரம்போல் சத்தம் போட்டது. இன்றைய மெஷின் மின்விசிறியைவிட அமைதி. ஆனாலும் பலர் முதல் சில மாதங்களுக்குள் அதை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். காரணங்களைக் கேட்டால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது என்பவர் பட்டையை மேலும் இறுக்குகிறார். இறுக்கினால் முகமூடியின் மெத்தை மடங்கி இன்னும் கசியும். படுத்த நிலையில், மெஷினை ஓடவிட்டு, தளர்த்திவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருத்த வேண்டும். மீசை தாடி உள்ளவருக்கு மூக்குத் துளையில் மட்டும் உட்காரும் சிறிய வகை ஒத்துவரும். வாய் உலர்ந்தால் வாய் வழியே காற்று போகிறது என்று பொருள்: மூக்கடைப்பைப் பாருங்கள், உப்புநீர், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மூக்கு ஸ்பிரே, அல்லது வாயையும் மூடும் முகமூடி. மூச்சு முட்டுகிறது என்பவருக்கு, குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் வசதி மெஷினிலேயே இருக்கிறது. கடைக்காரர் அதைக் காட்டாமல் போயிருப்பார். பயம் வந்தால் பகலில் டிவி பார்த்தபடி அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள், இரவில் தானாக வரும். மின்வெட்டு உள்ள ஊரில் இன்வெர்ட்டரில் ஓட்டலாம். காற்றை ஈரமாக்கும் நீர்க்கலனின் சூட்டை அணைத்துவிட்டால் மின்சாரம் வெகுவாகக் குறையும். நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் அந்தச் சூடு பல மாதங்களுக்குத் தேவையே இல்லை.

2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் மெஷின்களில் சத்தத்தைக் குறைக்க வைத்த நுரை சிதைந்து மூச்சில் போகக்கூடும் என்று லட்சக்கணக்கானவற்றைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகு சிபாப் என்றாலே சந்தேகப்படுபவர்கள் உண்டு. சந்தேகம் நியாயம்தான். பழைய மெஷினை யாரிடமாவது வாங்குவதானால் மாடல் எண்ணைத் திரும்பப் பெற்ற பட்டியலோடு சரிபாருங்கள்.

எப்படிப் பார்த்தும் முகமூடி ஒத்துவரவில்லையா, சிபிடிக்குப் போகும் முன் நிற்கும் வாசல்கள் பல. மல்லாந்து படுத்தால் மட்டுமே ஏப்னியா கூடுபவருக்கு ஒருக்களித்துப் படுக்கும் பழக்கம் பெரிய மருந்து. அறிக்கையில் மல்லாந்த நிலைக்கான ஏஎச்ஐ தனியாக இருக்கும், பாருங்கள். லேசான, நடுத்தர நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் சாதனத்தை இதில் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏஎச்ஐ சுமார் 26 சதவீதம் குறைவதை அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு காட்டியது. மாத்திரையோ ஊசியோ வேண்டும் என்பவருக்கும் இப்போது பதில் உண்டு: எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசி. பருமனோடு நடுத்தர, கடுமையான ஏப்னியா உள்ளவர்களுக்கு ஓராண்டில் மணிக்கு 25-க்கு மேல் தடைகள் குறைந்தன. 2024 டிசம்பரில் எஃப்டிஏ அனுமதித்தது, ஸ்லீப் ஏப்னியாவுக்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அது. இந்தியாவில் 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரில் நீரிழிவுக்கும் பருமனுக்கும் விற்பனைக்கு வந்தது. விலை அதிகம், குமட்டல் உண்டு, நிறுத்தினால் எடை திரும்பும். ஆனால் சோதனை நடந்து, எண்கள் வெளியாகி, மருத்துவர் மேற்பார்வையில் கிடைப்பது. சிபிடிக்குச் செலவழிக்க வைத்த பணத்தில் முதலில் இதைப் பற்றி ஓர் ஆலோசனைக்குப் போவேன்.

ஏற்கெனவே எடுப்பவருக்கு

பதற்றத்துக்கோ மூட்டு வலிக்கோ சிபிடி எடுத்துக்கொண்டிருக்கும் ஏப்னியா நோயாளிகள் இருக்கிறார்கள். உடனே கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டிலையே கையில் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள், கூச்சம் வேண்டாம். இப்போது ஒருமுறையும், ஒரு மாதம் கழித்தும் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மதுவோடும் அல்பிரசோலம், க்ளோனசிபாம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகளோடும் சேர்க்காதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்த்தே ஆக வேண்டும். கஞ்சாவைப் பீடியில் சுருட்டிப் புகைப்பது இந்த அத்தியாயத்தில் பேசிய எதனோடும் சேராது. தொண்டையை வீங்கவைக்கும் புகை, அதில் இருப்பதும் டிஎச்சி.

சிபாப் மெஷின் ஒவ்வொரு இரவும் மிஞ்சிய ஏஎச்ஐயைக் கணக்கிட்டுத் திரையிலோ செயலியிலோ காட்டுகிறது. எண்ணெய் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரக் கணக்கையும் தொடங்கியபின் வந்த இரண்டு வாரக் கணக்கையும் எடுத்துக் குறித்து வையுங்கள். ஏறினால் எண்ணெயை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இறங்கினாலோ மாறாவிட்டாலோ, அது மெஷின் ஓடும்போது எடுத்த எண் என்பதை மறக்க வேண்டாம். முகமூடியைக் கழற்றலாம் என்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

எண்ணெய் உண்மையிலேயே உங்களுக்கு வேலை செய்கிறது என்று நம்பினால், நம்பிக்கையோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: மெஷின் இல்லாமல், சிபிடி எடுத்த இரவில், இன்னொரு ஸ்லீப் ஸ்டடி. வீட்டிலேயே செய்யும் வகையும் இருக்கிறது. அந்த அறிக்கையில் ஏஎச்ஐ 5-க்குக் கீழே வரும்வரை சிபாப்பை அலமாரியில் ஏற்றாதீர்கள்.